நான் பிறந்த அன்று கப்பல் வந்தது

"பூம்" என்று வயிற்றுக்குள் இறங்கும் அந்தச் சத்தம், கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லும் அந்தச் சங்கு, காற்று வாகாக அடித்தால் டாலிகஞ்சில் எங்கள் தகரக் கூரைவரை கேட்கும், கேட்டதும் தெருவே "ஜஹாஜ் ஆகயா!" என்று கத்தும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் எங்கள் தீவில் இந்திதான் பொதுப்பேச்சு. அதிலும் கப்பலைக் குறிக்கும் "ஜஹாஜ்" என்ற சொல்லைத்தான் "அம்மா"வுக்கு அடுத்தபடியாக நான் கற்றிருப்பேன்.

எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் "ஆஜ் கா தின்" என்றொரு கரும்பலகை உண்டு. அன்றைய தேதியில் எந்தப் போர் முடிந்தது, எந்த விஞ்ஞானி பிறந்தார் என்று வங்காளி மாஸ்டர்ஜி தம் பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து முத்து முத்தாக எழுதிவைப்பார். அன்று பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை மேடையேறி அதை வாசித்துவிட்டு, பெரியவர்களின் பெயர்களுக்குக் கீழே தன் பெயரையும் எழுதலாம். அடேயப்பா, அந்த ஒரு வரிக்காக நான் ஏங்கிய ஏக்கம்! கடைக்கார பாயின் மகன் ரஹீம், ஒரு மகாகவிக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டு ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தான்.

ஐந்தாம் வகுப்பில் என் நாளும் நெருங்கியது. தேதியைச் சொல்லமாட்டேன், சொன்னால் உடனே போனில் தேடுவீர்கள். முதல் நாள் மாஸ்டர்ஜி புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "குச் நஹீ, பேட்டி." ஒன்றுமே இல்லை, மகளே என்கிறார். ஒன்றுமில்லாத நாளில் பலகையில் பழமொழி மட்டும்தான், மேடை கிடையாது. "உன் பொறந்தநாள்ல ஒரு கழுதகூடப் பொறக்கலையே!" என்று ரஹீம் விழுந்து விழுந்து சிரித்தான்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே ரப்பர் பால் வெட்ட வந்தவள். தேதியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"யாரு சொன்னா ஒண்ணுமில்லேன்னு? அன்னைக்குத்தானே கப்பல் வந்துச்சு!" என்று சீறினாள். கடல் கொந்தளித்து, நாள்கணக்காக மெயின்லேண்ட் கப்பல் வராமல், கடைத்தெருவில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கண்ணுக்கே தட்டுப்படாத மழைக்காலமாம் அது. "சங்கு ஊதுச்சு பாரு, வார்டே ஜன்னலுக்கு ஓடிருச்சு. நீ பொறந்தத ஒருத்தரும் பாக்கல புள்ள, எல்லாரும் கப்பலத்தான் பாத்தாங்க!"

மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளே பள்ளிக்கு வந்துவிட்டாள். மாஸ்டர்ஜி பாதிப் பழமொழியில் இருந்தார். "மாஸ்டர்ஜி, உஸ் தின் ஜஹாஜ் ஆயா தா!" என்று தன் ஓட்டை இந்தியில் தொடங்கி, அந்த வருஷத்தையும் மழையையும் அவள் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது.

"அரே! வோ ஆலூவாலா ஜஹாஜ்?"

அந்த உருளைக்கிழங்குக் கப்பலேதான்! வெறும் சோறும் பருப்புமாகத் தின்று நாக்குச் செத்துப்போய், கொட்டும் மழையில் கப்பல்துறைக்குத் தாம் ஓடிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், பழமொழியை அழித்துவிட்டு, "இன்று மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தது" என்று இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதினார். நான் மேடையேறித் தொண்டை கிழிய வாசித்தேன். மொத்தப் பள்ளியும் "ஜஹாஜ் ஆகயா!" என்று கத்தியது, ரஹீமும்தான். அடியில் என் பெயரை எழுதும்போது சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. அத்தனை அழுத்தம், அத்தனை சந்தோஷம்.

இப்போது அதே தீவில் கராச்சர்மாவில் இருக்கிறேன். வெங்காயம் எப்போதும் கிடைக்கிறது, விமானம் தினமும் தலைக்கு மேல் போகிறது, கப்பல் எப்போது வரும் என்று தெருவில் யாரும் கேட்பதில்லை; சங்கு ஊதினாலும் பஸ் இரைச்சலில் காதில் விழாது. என் தேதியைப் போனில் தட்டினால் போர்களும் அரசர்களும் நடிகர்களும் வரிசைகட்டி நிற்கிறார்கள். இத்தனை பேரையும் மாஸ்டர்ஜியின் புத்தகம் கோட்டைவிட்டிருக்கிறது, நல்லவேளை, விட்டது! ஆனால் எவ்வளவு தேடினாலும் அந்தக் கப்பல் மட்டும் அதில் இல்லை.

அது அம்மாவிடம் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று காலையும் போனை எடுத்ததும் எடுக்காததுமாகக் கத்தினாள்: "புள்ள, கப்பல் வந்திருச்சு!"