அம்மா மாற்றச் சொன்ன அலைவரிசை

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருகும் வாசனை வந்தாலே எனக்கு என் அப்பாவின், அத்தாவின் ஞாபகம் வந்துவிடும். தோல் வியாபாரியான அவருக்கு பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே வயர்லெஸ் பெட்டியில் பேச லைசென்ஸ் இருந்தது, ஒதுக்கிய அலைவரிசையில் மட்டும். "அதத் தாண்டுனா பெட்டியப் பிடுங்கிருவாக" என்று அம்மா எப்போதும் பயப்படுவாள்.

ஒரு ஐப்பசி மழையில் சிறுமலைப் பாதை சரிந்து, ஆட்களோடு ஒரு லாரி சிக்கிக்கொண்டது. ஊரில் டெலிபோனும் வேலை செய்யவில்லை. சேதி கேட்டதும் அம்மாவே சொன்னாள்: "போலீஸ் அலைவரிசைக்கு மாத்துங்க. அம்புட்டுப் பேரும் மலையில கெடக்காக."

அலைவரிசை மாறுவதற்காக அத்தா பெட்டிக்குள் இருந்த கம்பிச்சுருளில் சில சுற்றுகளைக் குறைத்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மதுரை போலீஸிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது.

பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் உயிரோடு இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். "பழையபடி மாத்திருங்க பாய்" என்றார். வாசலில் நின்று திரும்பி, "எப்படி மாத்துனீங்கன்னு மட்டும் மறந்திராதீங்க" என்றார்.