டப்பாவில் இடமில்லாத ஒரு வரி

சாரதாமணி மேடம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் முதலாளி. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் ஆலையில் காலை ஷிப்டுக்காகப் பொடி உலர்த்தும் டிரையரைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம சாரதாமணி அம்மா தவறிட்டாங்களாம், கோயமுத்தூர்ல இருந்து போன் வந்துச்சு. அவங்க ஊட்ல உங்களுக்குப் பழக்கமுங்களே, நல்லதா ஒரு போட்டோ வாங்கித் தர முடியுங்களா?" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மாலை போட்டு வைக்கத்தான் படம் கேட்கிறார் என்று நினைத்தேன். டிரையரை அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சோயாவிலிருந்து புரதத்தைப் பிரித்துப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்து விற்கிறோம். மேடம் பல வருடம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தவர். டப்பா அடுக்குக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்தால் விற்பனை ஏறும் என்று முதலாளிக்கு யாரோ யோசனை சொல்ல, அவரை வேலைக்கு எடுத்தார்கள். அவரோ அதை நிஜமான வேலை என்று எடுத்துக்கொண்டார். எல்லாத் தகராறும் அங்கேதான் ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக முகாம் போடுவோம். பொடியைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல என்னையும் வேனில் ஏற்றிவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை ஸ்பூன் போட வேண்டும் என்றுதான் கேட்பார்கள். மேடம் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். "நேத்து என்னங்க சாப்பிட்டீங்க?" என்று தொடங்குவார். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போன வரைக்கும் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்பார். வரிசை நகராது. எனக்குப் பொறுமை போய்விடும்.

கருமத்தம்பட்டி முகாமில், தறியும் தோட்டமும் வைத்திருந்த ஒருவர் உடம்பில் தெம்பே இல்லை என்று வந்தார். காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு, ராத்திரியும் அதே ரசம். கொள்ளு வாங்குவதுண்டா என்று மேடம் கேட்டார். எருதுக்கு வாங்குவதாகச் சொன்னார். "எருது எப்படி இருக்குதுங்க?" "ஜம்முனு இருக்குதுங்க." "அப்ப அதுகிட்டயே கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க." வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே டப்பா வாங்காமல் போனார். அவர் பின்னால் நின்ற பலரும் அப்படியே போனார்கள்.

திரும்பி வரும்போது வேனில் நான் நேராகவே கேட்டேன். விற்க மனமில்லை என்றால் இந்த வேலைக்கு எதற்கு வந்தீர்கள்? அவர் கோபப்படவில்லை. "மருந்துக்கடையில டாக்டர் ஒக்காந்திருந்தா, வாரவங்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தே ஆகணுமுங்களா தம்பி?" என்றார். கடைக்காரர் அப்படித்தான் எதிர்பார்ப்பார் என்றேன். "அப்ப கடைக்காரர் பொம்மையை வாங்கி ஒக்கார வெச்சிருக்கணும்" என்றார்.

அவர் பொடிக்கு எதிரி என்று ஆலையில் பேசினார்கள். பொய். வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு வாயில் ஆபரேஷன். எதையும் மெல்ல முடியாமல் எலும்பும் தோலுமாக ஆகியிருந்தார். மேடம் கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் மேலே போனார். கஞ்சியில் பொடியை எந்தச் சூட்டில் கலந்தால் கட்டி தட்டாது என்று மகளுக்குச் செய்து காட்டினார். "இங்க டப்பா வேணும், இது இல்லாட்டி அந்தம்மா தேறாது" என்றார். அந்த அம்மா தேறினார். மெல்ல முடிகிறது என்று தெரிந்ததும் மேடம் மறுபடி மலை ஏறினார். இனி டப்பா வேண்டாம், பருப்பும் முட்டையும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். வாங்கிக்கொண்டிருந்தவரைப் போய் நிறுத்திவிட்டு வந்ததை முதலாளியால் கடைசி வரை ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது. முன்பு பிரெட்டும் ஆப்பிளும் கொண்டுபோனார்கள், இப்போது சத்து டப்பா. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் அதை உடைப்பதில்லை. அடுத்த சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அதே டப்பா பஸ் ஏறுகிறது. உடைக்கிற வீட்டிலோ, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது என்று எவரும் கேட்பதில்லை. சொந்தம் கொண்டுவந்தது, கெடுதலா செய்யும்?

கருமத்தம்பட்டியிலேயே இன்னொரு தறிக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்தது. பருப்பைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் மனைவி பருப்பை அடியோடு நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த எங்கள் டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. காலையிலும் மாலையிலும் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கால் வீங்கியதும் மேடத்தைத் தேடி வந்தார்கள். நானும் போனேன். "பருப்பைத்தான் நிறுத்திப்போட்டமே அம்மணி, தெம்புக்கு இதாச்சும் போகட்டும்னு குடுத்தேன். சைவப் பொடிதானுங்களே" என்றார் அந்த அம்மா. பருப்பில் எதைக் குறைக்கச் சொன்னார்களோ அந்தப் புரதத்தையே பிரித்துத் திரட்டித்தான் நாங்கள் டப்பாவில் அடைக்கிறோம். மேடம் அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. இனிமேல் வேண்டாமுங்க, டாக்டரிடம் இதையும் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சில மாதத்தில் அந்தத் தறிக்காரர் இறந்துபோனார். பொடியால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது. மேடமும் அதைத்தான் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "நான் எல்லா ஊட்டுக்கும் போக முடியாது தம்பி. டப்பா போகுது. அதனால டப்பாதான் சொல்லணும்."

அவர் கேட்டது ஒரே ஒரு வரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். முதலாளியின் ஆபீசில் நானும் இருந்தேன். "எச்சரிக்கைன்னு போட்டா சனங்க விஷம்னு நினைச்சுக்குவாங்க அம்மணி" என்றார் அவர். "விஷம்னு போடச் சொல்லலீங்க. கேட்டுப்போட்டுச் சாப்பிடுங்கன்னு போடச் சொல்றேன்" என்றார் மேடம். யோசிக்கலாம் என்றார் முதலாளி. அடுத்த முறை கேட்டபோது லேபிளில் இடமில்லை என்றார். டப்பாவின் சுற்றளவு எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தில் பாதி இடத்தைச் சூரியகாந்திப் பூ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பொடியில் சூரியகாந்தி கிடையாது. இதைச் சொன்னேன். நீங்க மெஷினைப் பாருங்க தம்பி என்றார். மேடம் விடவில்லை. லேபிள் புதிதாக அச்சுக்குப் போகும்போதெல்லாம் கேட்டார். ஒவ்வொரு முறையும் இடமில்லை.

இந்த வருடம் மேடத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண் முழுக்க மஞ்சள். கட்டிலுக்குப் பக்கத்தில் பார்க்க வந்தவர்கள் வைத்த டப்பாக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் எங்கள் சரக்கு. விளிம்பு நசுங்கிய ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் அடியைத் திருப்பினேன். எப்போதோ காலாவதியானது. நானே ஓட்டிய பேட்ச். சொன்னேன். "என்னையவிட இது நிறைய ஆஸ்பத்திரி பார்த்திருக்குது பாருங்க" என்று சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. அந்த டப்பாவைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எத்தனை ஊடு போயிருக்கும் தம்பி. ஒரு ஊட்லகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்காது." நான் கடைசியாக அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான். காமாலையில் படுத்தவர் எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதும் முதலாளி மறுபடியும் போட்டோவைக் கேட்டார். இந்த முறை எதற்கென்று சொன்னார். புது லேபிளில் மேடத்தின் படத்தைப் போடப் போகிறார்களாம். கீழே, எங்கள் உணவு ஆலோசகரின் நினைவாக என்று எழுதுவார்களாம். சனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். "பின்பக்கமுங்க. அந்தப் பூவை எடுத்துட்டாப் போச்சு" என்றார். சரி, படத்துக்குக் கீழே அவர் கேட்ட வரியையும் போடுங்கள் என்றேன். அதற்கு இடம் பத்தாது என்றார்.

அவருடைய நல்ல குணங்களைப் பட்டியல் போட எனக்கு வராது. அதற்கு ஆள் இருக்கிறார்கள். இதை எழுதுவது ஒரு காரியத்துக்காக. மேடத்தின் வீட்டுக்காரருக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்கிறேன். முதலாளி நேரில் வருவார், மரியாதையாகப் பேசுவார், பழத்தட்டோடு வருவார். அந்த வரி அச்சானதைக் கண்ணால் பார்க்காமல் படத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், உயிரோடு இருந்த வரைக்கும் பேச விடாதவர்கள் செத்த பிறகு அவரை வாய் திறக்காமல் வீடு வீடாக அனுப்புவார்கள். மேடம் சிரித்துக்கொண்டு நிற்க, இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா காலையிலும் மாலையிலும் கலக்கிக் கொடுப்பார்.

எனக்கு இந்த வேலை இனி நிலைக்காது, தெரியும். போகட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி மட்டும்தான். போன ஞாயிறு முகாமில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஒருவர் நேராக என்னிடம் வந்து எத்தனை ஸ்பூன் என்று கேட்டார். எனக்குப் பின்னால் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. வரிசை நீளமாக இருந்தது. நான் அவரை உட்காரச் சொன்னேன்.

"நேத்து என்னங்க சாப்பிட்டீங்க?"