நூற்று இருபத்தைந்து சுற்று

முதல் நாள் காலையில் ஃபிட்டர் விடுதி வாசலிலிருந்து பதினோரு அடி ஓடினார். பன்னிரண்டாவது அடியில் உட்கார்ந்திருந்தார். எப்படி உட்கார்ந்தோம் என்று அவருக்கே புரியவில்லை. ராத்திரி பெய்த பனி உறைந்து தெரு முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. எதிர்ச்சாரியில் நாயோடு போன ஒருவர் நின்று பார்த்தார். நாயும் பார்த்தது. இரண்டும் ஒன்றும் சொல்லாமல் போயின.

மேல்மாடி ஜன்னலிலிருந்து எலக்ட்ரீசியன்தான் சொன்னார்.

"என்னண்ணே, பந்தயம் முடிஞ்சுதா? இன்னும் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கே."

"சிரிக்காத. இடுப்பு போச்சு."

"போனா போகட்டும். திரும்பிப் போறப்ப உருப்படியா போய்ச் சேருங்க. அண்ணிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் மெஷின் ஒன்றை வெளிநாட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக இருவரையும் கம்பெனி அனுப்பியிருந்தது. எலக்ட்ரீசியனுக்கு வயரிங் வேலை பன்னிரண்டு நாள். ஃபிட்டருக்கு ஐந்து வாரம். ஊருக்குத் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது முப்பது கிலோமீட்டரை ஒரே நாளில் ஓடியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த ஒரு தடவை இந்தப் பனியில்தான் வந்து விழுந்திருந்தது.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தார். நடந்துகொண்டிருந்தவரை ஒரு நாள் நாய் துரத்தியது. அன்றைக்குத்தான் தனக்கு ஓடவும் வரும் என்று கண்டுபிடித்தார். இதை அவர் வெளியே சொல்வதில்லை. "ஒரு ஆர்வம்தான்" என்று சொல்லுவார். அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். "மூணாவது மாடி ஏற நாலு தடவ நின்ன ஆளு, இன்னிக்குக் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மகள் சிரிக்கமாட்டாள். போன வருடத்துக்கு முன்னால் சிரித்தாள்.

போன வருட மாரத்தானில் மகள் முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். அது இவர் கேட்டு அவள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. இவருடைய தொடை முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் இறுகிக் கல்லாகிவிட்டது. ஓரமாக உட்கார்ந்தார். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் வந்தது. ஏறினார். வேன் வேறு வழியில் போனது. இடுப்புப் பையில் ஃபோன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. ஒன்பது தடவை. என்ன சொல்வதென்று தெரிந்ததும் எடுக்கலாம் என்று இருந்தார். தெரியவில்லை. சாலையைத் திறந்து பஸ் விடும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "சார்ஜ் போயிடுச்சும்மா" என்றார்.

"சரிப்பா" என்றாள். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அவருடைய ஓட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வருடம் பெயர் கொடுத்த அன்று சாப்பிடும்போது, "இந்தத் தடவையும் அங்கயே நிக்கிறியாம்மா?" என்று கேட்டார். "பாக்கலாம்பா" என்றாள் தட்டைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பாக்கலாம் அவரோடு விமானம் ஏறி இங்கே வந்திருந்தது.

எலக்ட்ரீசியன் ஊருக்குப் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. விரிப்பு எடுத்த மெத்தையோடு ஒரு கட்டில் எதிரே கிடந்தது. ஹீட்டர் சூடாகும்போது டிக் டிக் என்றது, ஆறும்போதும் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பம், ஒரு குப்பைத் தொட்டி, எதிர்க் கட்டடத்தின் பின்சுவர். காலையில் இருட்டில் போய் மாலையில் இருட்டில் வந்தார். ரொட்டியும் முட்டையும் செய்து நின்றுகொண்டே தின்றார். ஒரு வியாழக்கிழமை பல் விளக்கும்போதுதான் திங்கட்கிழமையிலிருந்து தான் ஃபோனைத் தவிர நட்டோடும் போல்ட்டோடும் மட்டுமே பேசியிருப்பது உறைத்தது. "வாடா ராஜா, திரும்பு, அப்படித்தான்" என்று அவற்றோடு நன்றாகவே பேசியிருந்தார்.

ஓட இடம் கிடைத்தது. தொழிற்சாலையின் பின்புறம் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கும் கிடங்கு. தகரக் கூரை, சிமென்ட் தரை. சூடேற்ற வசதி கிடையாது, ஆனால் பனியும் கிடையாது. பெட்டிகளைச் சுற்றி வர ஒரு பாதை இருந்தது. ஃபிட்டர் டேப் பிடித்து அளந்தார். இருநூற்று நாற்பது மீட்டர். நம்பாமல் மறுபடி அளந்தார். அதேதான். முப்பது கிலோமீட்டருக்கு நூற்று இருபத்தைந்து சுற்று.

கூரைக்கு அடியில் கைக்கடிகாரம் தூரத்தைச் சரியாகக் காட்டவில்லை. நூற்று இருபத்தைந்தை மனசில் எண்ணினால் அறுபதில் குழம்பும். அதனால் அவர் வாஷர்களைக் கொண்டு எண்ணினார். போல்ட்டுக்கு அடியில் போடும் சின்ன வளையம், நகத்தளவு. வலது பையில் இருபத்தைந்து. ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுத்து இடது பையில் போடுவது. வலது பை காலியானால் இருபத்தைந்து சுற்று. பிறகு இடதிலிருந்து வலதுக்கு. ஐந்து தடவை பை மாறினால் முப்பது கிலோமீட்டர்.

வாசல் காவல் ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்கு. அந்த அம்மாள் தன் ஃபோனிடம் ஏதோ சொல்லி இவர் பக்கம் நீட்டினார். ஃபோன் தமிழில் கேட்டது: "தங்களை யார் துரத்துகிறார்கள்?"

ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது. "யாரும் இல்ல" என்றார் அதனிடம்.

அந்த அம்மாள் யோசித்துவிட்டு மறுபடி பேசினார். "அப்படியெனில் தாங்கள் மெதுவாகச் செல்லலாமே" என்றது ஃபோன். இருந்தாலும் கிடங்குக் கதவைத் திறந்துவிட்டார். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவேன் என்று ஐந்து விரலைக் காட்டினார்.

கடைசி வாரத்துக்கு முந்திய ஞாயிறு. மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் முன்னால் மெஷினை முதன்முதலாக ஓட்ட வேண்டும். வேலை எல்லாம் முடிந்திருந்தது. பத்தரைக்கு ஓட ஆரம்பித்தார். மூச்சு புகையாக வந்தது. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி, தூண், தீயணைப்பு வாளி, கதவு, மறுபடி பெட்டி. வாஷர் ஒன்று, வாஷர் இரண்டு. பக்கத்தில் யாரும் ஓடவில்லை, எதிரே யாரும் வரவில்லை. பை நாலு தடவை மாறியது. நூறு சுற்று. நின்று, தண்ணீர் குடிக்கும்போது வாஷர்களைப் பெட்டி மேல் கொட்டினார். கொட்டினதை எண்ணுவது ஃபிட்டர் கையின் பழக்கம்.

இருபத்துநாலு.

மறுபடி எண்ணினார். இருபத்துநாலுதான். அப்படியானால் ஓடியது நூறு இல்லை, தொண்ணூற்றாறு. முதலில் அந்த நாலு சுற்றுக்காகத்தான் எரிச்சல் வந்தது. பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை எண்ணியபோது இருபத்தைந்து இருந்தது. சனிக்கிழமை முழுக்க மெஷினுக்குள் தலையும் நெஞ்சும் நுழைத்துக் கிடந்திருக்கிறார். குளிருக்காக, ஓவராலின் மேலேயே ஓட்டத்துக்குப் போடும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு. அதன் பையில் வாஷர்களோடு.

மெஷினுக்குள் குனியும் முன் பையைக் காலி செய் என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். பேனா வைத்திருந்த ஒருவரை அதற்காகக் கண்டபடி ஏசியிருக்கிறார்.

உள்ளே விழாமலும் இருக்கலாம். வழியில் பனியில் விழுந்திருக்கலாம். கேட்க ஆள் கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. இன்னும் இருபத்தொன்பது சுற்றுதான். ஓடி முடித்துவிட்டுத் திறந்து பார்க்கலாம் என்று கிளம்பினார். இரண்டு சுற்று போனார். கால் கிடங்கில் ஓடியது, காது மெஷினுக்குள் இருந்தது. சுழலும் கேம் சக்கரத்துக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு வாஷர் மாட்டினால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சத்தம் பின்னாலேயே ஓடி வந்தது. நின்றார்.

மெஷின் அறையில் மூடித் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். காந்தக் கம்பி உதவாது. மருந்து மெஷின் என்பதால் வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ், காந்தத்தில் ஒட்டாது. கண்ணும் விரலும்தான் தேட வேண்டும். வெளிச்சம் போட்ட ஃபோனைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். ஈர பனியன் முதுகில் பனிக்கட்டியானது. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. கேமுக்கு ஒரு விரல் தள்ளி எண்ணெய்த் தட்டின் விளிம்பில் அது படுத்திருந்தது. மெஷின் நாலு தடவை அதிர்ந்திருந்தால் உள்ளே போயிருக்கும்.

"இங்கயா இருக்க நீ" என்றார் அதனிடம். ஓவராலில் துடைத்து மற்ற இருபத்துநாலோடு ஒரு டப்பாவில் போட்டார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி எழுந்தபோது மணி நாலு. வெளியே இருட்டிவிட்டது. தொடை இரண்டும் மரக்கட்டை. இந்தக் காலோடு அறைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் நியாயம். தினமும் வீட்டிலிருந்து பேசுகிற நேரம் அது. ஃபோன் அடித்தது.

"ப்பா, அம்மா குளிக்கிறாங்க. என்னக் கூப்பிடச் சொன்னாங்க." மகள். பிறகு சற்று நின்று, "ஓடியாச்சா?" என்றாள்.

போன வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்கிறாள். வாஷர் கதையை அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

"பேனா வச்சிருந்தாருன்னு ஒரு அங்கிள ஒருத்தர் திட்டுனாரே, அது நீங்கதானே?"

"நான்தான்."

"அவருக்கு ஃபோன் போட்டு இதச் சொல்லவா?"

"சொல்லேன். சந்தோஷப்படுவான்."

"எத்தன சுத்து பாக்கி?"

"இருபத்தேழு. ஆனா நேரம் இல்லம்மா. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க."

"ஓடுனா முடியாதா?"

"ஓடுனா... முடியும்."

"அப்ப ஓடுங்க. லைன்லயே இருங்க, நான் எண்ணுறேன். உங்க வாஷர இனி நம்ப முடியாது."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேல்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். முதல் சுற்று ஓட்டமில்லை, நொண்டல். கதவைத் தாண்டும்போது "ம்" என்றார். நெஞ்சுக்குள்ளிருந்து, "தொண்ணூத்தொம்பது" என்று வந்தது. அடுத்த "ம்"முக்கு, "நூறு. இது நெஜ நூறு." கூடவே அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம். யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தது. ஃபிட்டருக்கு உடம்பு சூடானது.

நூற்று நாலில் அவள் சொன்னாள்: "ப்பா, நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். நீங்க நம்பர கத்துங்க, நான் நோட்டுல கோடு போட்டுக்கிறேன்."

கத்தினார். நூற்று ஐந்து. நூற்று ஆறு. "மூச்சு ரொம்ப வாங்குது, மெதுவா" என்றாள். அதன் பிறகு பேசவில்லை. படிக்கிறாள். நூற்றுப் பதினைந்தில் அதே தொடை, அதே இடத்தில் இறுக ஆரம்பித்தது. பக்கத்திலேயே உட்காரத் தோதான உயரத்தில் பெட்டிகள். உட்கார்ந்தால் நம்பர் வராது. நம்பர் வராவிட்டால் அங்கே பென்சிலோடு ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள். காலை இழுத்துக்கொண்டு போய், "நூத்திப் பதினாறு!" என்றார். தகரக் கூரை அதைத் திருப்பிச் சொன்னது. நூற்று இருபது. நூற்று இருபத்துநாலு.

"நூத்தி இருபத்தஞ்சு! கேட்டியாம்மா?"

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தமும் இல்லை. ஃபோனை வெளியே எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. இரண்டு மணி நேரம் வெளிச்சம் அடித்தது பேட்டரியில் பாதியைத் தின்றது. குளிர் மீதியைத் தின்றுவிட்டது. எந்தச் சுற்றில் செத்தது என்று தெரியவில்லை.

காவல்கார அம்மாள் சாவியோடு கதவில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. அவருடைய ஃபோன் கேட்டது: "தாங்கள் யாருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள்?"

"பொண்ணோட" என்றார்.

அந்த அம்மாள் கறுத்த திரையைப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு விளக்கை அணைத்தார்.

விடுதிக்குக் கால் மணி நேர நடை. அன்று அரை மணி ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு பனியில் அடி மேல் அடி வைத்து நடந்தார். பலகைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று அவளிடம் கேட்டதே இல்லை என்பது ஞாபகம் வந்தது. தூரத்தில் வந்த ஒவ்வொருத்தரையும் அப்பாவென்று நினைத்திருப்பாள். அறைக்குப் போனதும் அவளுக்கு என்ன சொல்வது? சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அதை அவர் போன வருடமே செலவழித்துவிட்டிருந்தார்.

ஃபோனைச் செருகி, எதிர்க் கட்டிலின் வெறும் மெத்தையில் உட்கார்ந்து காத்திருந்தார். உயிர் வந்ததும் மூன்று செய்திகள் வந்து விழுந்தன.

"நூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் சத்தம் வரல."

"ப்பா?"

"சார்ஜா?"

கடைசிக் கேள்வியைக் குத்தலென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. விறைத்த விரலால் தட்டினார். "ஆமாம்மா. இன்னிக்கு நெஜமாவே சார்ஜ் போயிடுச்சு." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மேலும் தட்டினார். "போன வருஷம் போகல." அழிக்கத் தோன்றும் முன் அனுப்பிவிட்டார்.

ஈரக் காலுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் போட்டார். ஹீட்டர் டிக் டிக் என்றது. ஃபோன் அதிர்ந்தது.

"தெரியும்பா. ஒம்பது தடவையும் ரிங் போச்சு."

அடுத்தது வர நேரம் ஆனது. அவள் எழுதுவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்தது.

"நோட்டுல நூத்திப் பதினொண்ணு வரைக்கும்தான் கோடு இருக்கு. மிச்சம் பதினாலையும் முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல நின்னு போட்டுக்கிறேன்."

ஃபிட்டர் அதை மூன்று தடவை படித்தார். படித்துக் காட்ட அறையில் யாரும் இல்லை. கூடவே கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து வாஷர்களை மெத்தை மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தைந்து இருந்தது.