டிராகனுக்கு ஐந்து மந்திரங்கள்

மகளுக்குச் சனிக்கிழமைகளில் திருகோணமலையில் ரியூசன். வகுப்பு பதினொரு மணிக்கு முடியும். மூதூர் பஸ் ஒன்றரைக்கு. இடையிலுள்ள இரண்டரை மணித்தியாலம்தான் எனக்கு வாய்த்த தகப்பன் உத்தியோகம். அவளும் தாயும் மூதூரில் இருந்தார்கள், நான் வேலை கிடைக்கிற இடத்தில். உட்துறைமுகப் பக்கம் குளிர்பானம் விற்கும் ஒரு கூல்பாரில் சந்திப்போம்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டியிருந்தது. திங்கட்கிழமை மாலைதீவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம். தாய்க்குச் சொல்லியிருந்தேன். மகளுக்கு நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையைச் சொல்லாமலே கடத்திவிட்டேன்.

அவள் கொப்பியை விரித்தாள். சிநேகிதிகளோடு விளையாடும் ஒரு கதை விளையாட்டு அதில் இருந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒரு பாத்திரமாக இருந்து, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லவேண்டும். விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில். சண்டையில் சம்பூரை விட்டு நடந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றுவிட்டதால், பாத்திரங்கள் பாவிக்கும் மந்திரங்களை எனக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். இருபது மந்திரங்கள், ஒவ்வொன்றின் கீழும் சிறிய விளக்கம்.

எனக்குத் தந்த பாத்திரம் டிராகன். அது மனித வேடத்தில் ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு வந்திருக்கிறது. ஒரு வருடம் மனிதரோடு வாழவேண்டும். யாரென்று தெரிந்தால் ஊர் கொன்றுவிடும். வேடத்தில் இருக்கும்வரை ஐந்து மந்திரங்கள்தான் கைவசம் வைத்திருக்கலாம்.

“ஆள் என்ன தொழில்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான் சொல்லவேணும்.”

“மேசன்.”

“டிராகன் வந்து சீமெந்து குழைக்குதாம். சரி, எழுதுறன். ஆனா அப்பா, வாயால நெருப்பு விட ஏலாது. பீடிக்கும் தீப்பெட்டிதான்.”

இருவரும் சிரித்தோம். பென்சிலைத் தந்தாள். முதலில் நான் பென்சிலால் அடையாளம் போடவேண்டும். அவள் பேனையால் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

கவனமாகத்தான் தெரிவுசெய்தேன். சோறு வரவழைக்கும் மந்திரம் ஒன்று இருந்தது. பசி எனக்குப் பழக்கம் என்பதால் விட்டுவிட்டேன். காயம் ஆற்றுவது, மிருகங்களோடு கதைப்பது, வீட்டுக்குக் காவல் போடுவது எல்லாவற்றையும் தாண்டிப் போனேன். எடுத்தவை பறப்பது, மறைவது, பூட்டுத் திறப்பது, எதிரே நிற்பவரை உறங்கவைப்பது, கண்டவரை மறக்கவைப்பது. அகதி முகாமிலும், பிறகு புத்தளம், மன்னார், கட்டார் என்று போன இடங்களிலும் எனக்குத் தேவைப்பட்டவை இவைதான். ஐந்தாவது அடையாளத்தையும் போட்டபோது கெட்டித்தனமாக விளையாடிவிட்டதாக எண்ணினேன்.

அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள்.

“எல்லாம் போறதுக்குத்தான் எடுத்திருக்கிறீங்கள்.”

“பிடிபட்டா ஓடத்தானே வேணும், மகள்.”

“ஒரு வருசம் இருக்கவேணும் எண்டு சொன்னனான். இருக்கிறதுக்கு ஒண்டும் எடுக்கேல்ல.”

வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில், பட்டணத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று கடதாசிப் பையைத் தின்றுகொண்டு நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்டை மாத்தலாம்,” என்றாள். “இன்னும் பென்சில்தானே.”

அவளைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் பட்டியலின் அடியில் விரலை வைத்தேன். எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கும் செய்தி அனுப்பும் மந்திரம். மறக்கவைப்பதை விட்டுவிட்டு இதை எடுக்கிறேன் என்றேன். அவளுக்குப் பிடிக்கும் என்றே நம்பினேன்.

“அதுவும் போன ஆக்கள்தான் பாவிக்கிறது, அப்பா.”

அதற்குமேல் மறைக்க ஏதும் இருக்கவில்லை. “திங்கட்கிழமை மாலைதீவு,” என்றேன். “ரெண்டு வருசம்.”

“தெரியும். அம்மா போன கிழமையே சொன்னவ.”

“பிறகேன் கேக்கேல்ல?”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

பேனையை எடுத்தாள். நான் கடைசியாகச் சொன்ன ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இலக்கம் போட்டு எழுதினாள். கொப்பியை மூடினாள். விளையாட்டைத் தொடங்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பு வேலையைச் செய்தாள். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன்.

மாலைதீவிலிருந்து சனிக்கிழமைகளில், அவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பேன். இரண்டாம் மாதம் ஒரு நாள், டிராகன் என்ன செய்கிறது என்று கேட்டேன். மூன்று தடவை வராதவரின் பாத்திரம் கதை நடத்துபவருக்குப் போய்விடுமாம்.

“இப்ப அது என்ர. ஆள் மாறினா மந்திரமும் புதுசா எடுக்கலாம். அஞ்சையும் மாத்திட்டன்.”

“என்னென்ன எடுத்தனி?”

“அது சொல்ல ஏலாது. நீங்கள் இப்ப விளையாட்டில இல்லைத்தானே.”

குரலில் கோபம் இருக்கவில்லை. சாப்பிட்டாச்சோ என்று கேட்டாள். இங்கத்தைச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.