பத்து நாளைக்கு மூன்று நாவல்

நூலகத்தில் அவளுக்குப் பசையம்மா என்று பெயர். நைந்து வரும் புத்தகங்களைப் பிரித்து, தைத்து, புது அட்டை போடுகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக நகக்கண்ணில் பசை இல்லாத நாள் கிடையாது. வாய்த்துடுக்கும் உண்டு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர் மேலதிகாரியே ஆனாலும் ஒரு பிடி பிடிக்காமல் விடமாட்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். வருடம் முழுக்க "சாப்பாடு ரெடியா", "சாவி எங்க" என்பதோடு சரி. அவளுடைய பிறந்த நாள்கூட அவருக்கு நினைவிருக்காது. அதற்கெல்லாம் சேர்த்து வைத்து அவளுக்குக் கிடைத்தது கோடையில் பத்து நாள். ஏரிக்கரையில் அவருடைய நண்பருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. டவர் கிடையாது, நெட் கிடையாது. அங்கே போன் டார்ச் அடிக்கத்தான் உதவும்.

அந்தப் பத்து நாளில் அவர் படிக்க மூன்று நாவல்களை அவள்தான் எடுப்பாள். நாலு மாதத்துக்கு முன்பே தேட ஆரம்பித்துவிடுவாள். தடிமனாக இருந்தால் மனிதர் மலைத்துப்போவார், எடுத்த எடுப்பில் சாவு வந்தால் மூடி வைத்துவிடுவார் என்று அத்தனை யோசனை. தானே ஒருமுறை படித்துப் பார்க்காமல் எதையும் பையில் வைக்கமாட்டாள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பெயர்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்வார் அவர். "முன்னாடியே தெரிஞ்சா மனசைத் தயார் பண்ணிக்கலாம்ல?" அந்த ஆர்வத்தைப் பார்த்தே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஏரிக்கரைக்குப் போனதும் படித்ததைப் பற்றி அவர் பேசுவார். அதுவும் எப்படி! அவள் அம்மா இறந்த வருடம் இரண்டு மாதமாக அவளுக்கு அழுகையே வரவில்லை. சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அந்தக் கோடையில், படித்த நாவலில் வரும் மகளைப் பற்றி அவர் மெதுவாகச் சொன்னார்: "அவ அழாதது கல்நெஞ்சால இல்ல. அழுதுட்டா, அம்மா போயிட்டாங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான்." அன்றைக்கு அவர் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். என்னைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்று அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருடம் ஓட்டினாள்.

இந்த வருடம் நூலகத்தில் கழித்துப் போட்ட 'உப்புக் காவல்' என்ற நாவலை எடுத்திருந்தாள். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரின் கதை. முன்பக்கங்கள் கிழிந்துபோயிருந்ததால், தான் படித்து முடித்ததும் நீல ரெக்ஸினில் அட்டை போட்டு, முதுகில் பெயர்ச் சீட்டையும் ஒட்டினாள். போன இடத்தில் நாலு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்டில் சாய்ந்திருந்தார். நாலாம் நாள் மாலை, "முடிச்சுட்டேன்மா," என்றார். "மக ஊரை விட்டுப் போறப்ப அந்தக் காவக்காரன் விளக்கை அணைச்சுடறானே, அங்க எனக்குத் தொண்டையை அடைச்சிருச்சு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவர் டீ போட எழுந்ததும் அந்த இடத்தைத் திரும்பப் படிக்க ஆசையாக எடுத்தாள். முதல் பக்கத்தில் துணி மில்லின் சங்கு ஊதியது. புரட்டினாள். தறி, கூலி, வேலைநிறுத்தம். கலங்கரை விளக்கமும் இல்லை, கடலும் இல்லை.

அதே அளவில், அதே போல முன்பக்கங்கள் இல்லாமல், அதே நீல ரெக்ஸினில், அதே நாளில் அட்டை போட்ட இன்னொரு புத்தகம் ஞாபகம் வந்தது. பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறாள்! "ஏங்க, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா" என்று கூப்பிடச் சிரித்துக்கொண்டே வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

புத்தகத்தை விரித்து வைத்துக் கையை எடுத்தாள். புதிதாக அட்டை போட்ட புத்தகத்தை ஒருவர் படித்து முடித்திருந்தால் அது தளர்ந்து விரிந்து கிடக்கும். இது படக்கென்று மூடிக்கொண்டது.

டீயோடு வந்தவரிடம் புத்தகத்தை நீட்டினாள். "மொதப் பக்கத்தைப் படிங்க."

படித்தார். முகம் வெளுத்துவிட்டது. பூசி மெழுகத் தெரியாத மனிதர்.

"எத்தனை வருஷமா?"

"மொத வருஷம் நெஜமாவே படிச்சேன்மா. அப்புறம் பத்துப் பக்கம் தாண்டினா கண்ணு சொருகுது. நெட்ல கதையைப் போட்டிருப்பாங்க, படிச்சவங்க என்ன நெனச்சாங்கன்னும் எழுதியிருப்பாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பாத்து வெச்சுக்குவேன். நான் பேசினா உன் மூஞ்சி மலருது. அதைக் கெடுக்க மனசு வரல."

ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டச் சொன்னது எதற்கென்று இப்போது புரிந்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"அம்மா போன வருஷம் ஒண்ணு சொன்னீங்களே. அந்தப் பொண்ணு ஏன் அழலைன்னு. அது?"

அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் யாரோ எழுதியிருந்ததுதாம்மா."

"யாரு?"

"பேரைப் பாக்கல."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் பக்கம் சாயாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. எப்படியாவது சமாதானம் செய்ய வேண்டும் என்று பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊருக்குப் போனதும் யாருன்னு தேடி எடுத்துத் தர்றேன்மா," என்றார்.