கண்ணாடிக்குள் அஞ்சாங்கல்

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். இப்போது குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, அதற்கும் குடம் வரிசையில் நிற்கிறது. ஆனாலும் கடல் இருந்தது உண்மைதான் என்பதற்கு மியூசியம் நிறையச் சாட்சி வைத்திருக்கிறது. சிப்பி, நத்தை, மீன் பல், கல்லாகிப்போன மரத்துண்டு என்று ஒரு கூடம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். வாசலில் சிமெண்டில் செய்த டைனோசர் ஒன்று வாயைப் பிளந்து நிற்கும். வேனில் வந்து இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கும் கடலைவிட அந்த வாய்தான் பெரிது.

செங்கமலம் இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்க வந்து பதினோரு வருடம் ஆகிறது. குன்னத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க்காரி. பருத்தி எடுப்பு, வெங்காயம் அறுப்பு, மக்காச்சோளம் உரிப்பு என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு, இடுப்பு ஒத்துழைக்காத வயதில் இங்கே வந்து சேர்ந்தாள். வேலைக்கு வந்த மூன்றாம் நாள், கடைசிப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே, சரியாகக் கொட்டைப்பாக்கு அளவில், வரியெல்லாம் தேய்ந்த ஐந்து சிப்பிக்கற்கள். ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. அவை அவளுடைய தங்கை பஞ்சவர்ணம் ஆடிய அஞ்சாங்கல்.

அவர்கள் ஊரில் ஏர் ஓட்டினால் மண்ணோடு சிப்பியும் புரண்டு வரும். பெரியவர்கள் வரப்பில் எறிவார்கள், பிள்ளைகள் பொறுக்கி ஆடுவார்கள். வரிவரியாக இருக்கும் கல் உள்ளங்கையில் குத்துகிறது என்று பஞ்சவர்ணம் ஒரு மாதம் உட்கார்ந்து அம்மியில் தேய்த்தாள். "மொளகா அரைக்கிற எடத்துல கல்லத் தேய்க்கிறியாடி?" என்று அம்மாவிடம் முதுகில் வாங்கிக்கொண்டும் தேய்த்தாள். ஐந்தும் வழவழவென்று ஆன பிறகு அந்தத் தெருவில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை.

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். செத்த பிள்ளை விளையாடிய சாமான் வீட்டில் இருந்தால் பிள்ளை அதைக் கேட்டு வந்துகொண்டே இருக்கும் என்று ஊரில் ஒரு பயம். பாவாடை சட்டையெல்லாம் பதினாறாம் நாளே வீட்டைவிட்டுப் போயிற்று. கற்களை மட்டும் அப்பா கண்ணையனால் தூக்கி எறிய முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜீப்பில் இரண்டு சார்கள் கோணிப்பையோடு வந்து, சிப்பிக்கல் யார் வீட்டில் இருந்தாலும் கொடுங்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டார்கள். எறிந்த பழியும் இல்லை, வைத்திருந்த பயமும் இல்லை என்று அப்பா கொடுத்துவிட்டார். இப்படி ஊர் ஊராகச் சேர்ந்த மூட்டைகள் எங்கெங்கோ அறைகளில் கிடந்து, பல வருடம் கழித்து இந்தக் கட்டடத்துக்கு வந்தன.

பஞ்சவர்ணத்துக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. முகமே செங்கமலத்துக்கு வரவர மங்கிக்கொண்டு போகிறது. அந்தக் கற்களை ஒரே ஒரு தடவை கையில் வாங்கினால் போதும், முகம் தெரிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பதினோரு வருடமாக அந்த ஆசையோடு கண்ணாடியைத் துடைத்தாள். "அந்தப் பொட்டிய மட்டும் என்னா தொட தொடைக்கிறீங்க, கண்ணாடி தேஞ்சி ஓட்ட வுழுந்துடப் போவுது" என்று வாட்ச்மேன் வேல்முருகன் கிண்டல் செய்வார். சிரித்துக்கொள்வாள். சாவி ஆபீஸில் இருந்தது. கேட்கப்போய், கூட்டுகிறவள் சாமானுக்கு உரிமை கொண்டாடுகிறாள் என்று வேலைக்கே உலை வைத்துவிட்டால் என்ன செய்வது? யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசியில் கூடத்தைப் புதுசாக அடுக்க ஷாலினி மேரி என்ற மேடம் வந்தார். வரதராஜன்பேட்டைப் பெண், கல்லைப் பற்றியே படித்தவர், அதட்டத் தெரியாதவர். பெட்டி பெட்டியாகத் திறந்து, வைக்க வேண்டியதை வைத்து, ஆகாததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். கடைசிப் பெட்டி திறந்தபோது செங்கமலம் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றாள்.

மேடம் ஐந்து கற்களையும் லென்ஸில் பார்த்தார். "வரியே இல்ல. எந்த ஊருன்னும் எழுதல. இதே சிப்பி நல்லதா இருவது இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டப்பாவில் போட்டார். "அக்கா, சாயங்காலம் இத பின்னாடி செடியோரமா கொட்டிடுங்க."

கொட்டுகிறவளே செங்கமலம்தான். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ஐந்தும் முந்தானையில். இத்தனை வருட ஏக்கத்துக்கு முடிவு இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

மேடம் சும்மா இருந்திருக்கலாம். "ஆத்துல உருண்டு உருண்டு தேஞ்சிருக்கும், பாவம்" என்றார்.

"ஆத்துல தேயலைங்க மேடம்" என்றாள் செங்கமலம். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. "எந்தங்கச்சி தேச்சது. அம்மியில வச்சி, அடி வாங்கிக்கிட்டு, ஒரு மாசம் தேச்சா."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அஞ்சாங்கல், காய்ச்சல், அப்பா, ஜீப் எல்லாம் கொட்டிவிட்டாள். மேடத்தின் கண் விரிந்தது. கற்களை டப்பாவிலிருந்து எடுத்து வெல்வெட் தட்டில் வைத்தார். ஊர் என்ன, பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டுக் கேட்டு ரிஜிஸ்டரில் எழுதினார். "இந்த மண்ணோட சிப்பிய நம்ம புள்ளைங்க எப்படி ஆடுனாங்கங்கிறதுக்கு இது ஒன்னுதான்க்கா இங்க இருக்கு. தங்கச்சி பேரோட தனிப் பொட்டியே வச்சிடலாம்" என்றார்.

"எனக்குக் குடுத்துட முடியாதுங்களா?"

மேடம் பேனாவை வைத்தார். "முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா டப்பாவுலேந்து எடுத்துக்கங்கன்னிருப்பேன். இப்ப எழுதிட்டேனேக்கா. இனிமே என்னால வெளிய குடுக்க முடியாது" என்றார். அவர் குரலும் இறங்கிவிட்டது. தன் வாயே தனக்கு எமன் என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பூட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுறீங்களா? வீடியோ எடுத்துக்கறேன்" என்று மேடம் செல்லோடு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

செங்கமலம் கற்களைக் கையில் வாங்கினாள். வழவழப்பு அப்படியே இருந்தது. ஒன்றை மேலே போட்டு ஒன்றை அள்ளினாள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. நாற்பது வருடம் ஆடாத கை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மேடம் என்னவோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. எதிரே பாவாடையை முழங்காலுக்கு நடுவில் அமுக்கிக்கொண்டு, எப்போது தப்பும் என்று பஞ்சவர்ணம் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு கல் விரலில் பட்டுத் தெறித்து ஓடியது. செங்கமலம் சிரித்துக்கொண்டே ஐந்தையும் கூட்டி எதிர்ப்பக்கம் தள்ளினாள். "ம், ஒன் ஆட்டம்டி" என்றாள்.

"எனக்கு ஆடத் தெரியாதேக்கா" என்றார் ஷாலினி மேரி.

அப்போதுதான் செங்கமலத்துக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரிந்தது.