கடுக்காய் போட்ட டம்ளர்

எனக்கு வயிற்றுப்புண் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். வயிற்றில் புண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. குடியை விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வராமல் வயிற்றின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் பக்கம் குடிக்காமல் இருப்பதற்கு இரண்டு காரணம்தான் செல்லும். ஒன்று, மலைக்கு மாலை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் பயமுறுத்தியிருக்க வேண்டும். மாலை போடும் மாதம் இன்னும் வரவில்லை. ஆகவே டாக்டர்.

மறியல் வாரத்தில் அந்தப் பொய்தான் என் கழுத்தைப் பிடித்தது.

நான் அப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரவை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் கரும்பையெல்லாம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு இழுப்பது என் வேலை. ஆலை வாசலில் வண்டி வரிசை நகரும்வரை குடிப்பேன், நகர்ந்த பிறகும் குடிப்பேன். ஒரு நாள் கள்ளக்குறிச்சியில் சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், கடைக்காரர் என் வாயை மோந்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மதியானம் வா, கடைக்குப் பின்னாடி நாங்க நாலஞ்சு பேரு ஒக்காந்து பேசுவோம்" என்றார். சைக்கிள் கடை அது. அவரும் பழைய குடிகாரர்தான். குடியை விட இப்படிக் கூடிப் பேசுகிற பழக்கத்தை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

நான் போனது அவர் சொன்னதற்காக இல்லை. அன்றைக்கு வீட்டில் சண்டை, போக வேறு இடம் இல்லை. அறைக்குள் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் பாய் விரித்து ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த கரும்பு வெட்டு மேஸ்திரி. என் டிரெய்லரில் பாரம் ஏற்றுகிற ஆள். அவருக்கும் அதே அதிர்ச்சி. வெளியே போய்விடலாமா என்று இரண்டு பேருமே கதவைப் பார்த்தோம். ஆனால் டீ வந்துவிட்டது. ஒரே மாதிரி டம்ளர், எல்லோருக்கும். குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டோம்.

அந்த அறையில் புத்தி சொல்லக் கூடாது. "உனக்கு நடந்தத மட்டும் சொல்லு" என்பார் கடைக்காரர். யாராவது மறந்துபோய் "நீ இன்னா பண்ணணும்னா" என்று ஆரம்பித்தால் ஸ்பானரால் ரிம்மைத் தட்டுவார். எல்லோரும் நீ, வா, போதான். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், அவரும் அங்கே நீதான். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள், ஏர் மாடு பூட்டுகிற மாதிரி. ஒரே ஊர் என்பதால் எனக்கு ஜோடி மேஸ்திரி. ஊருக்குள் என்னைப் பார்த்தால் "வாங்க, வண்டி எப்ப வருங்க" என்று கும்பிடுபவர், அந்த அறையில் "நீ" என்று சொல்ல முதல் இரண்டு வாரம் திணறினார். எனக்கும் அது காதில் உறுத்தியது. பொய் சொல்லக் கூடாது, உறுத்தியது. போகப்போகப் பழகிவிட்டது.

எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். அவர்தான் சொன்னார்: "கிளாசு கைக்கி வந்துட்டாக்கூடப் பரவால்ல. கிளாசோட எங்கிட்ட வந்துடு. நான் பாக்கறப்ப குடி." நானும் அதையே அவருக்குச் சொன்னேன். யாரும் பார்க்காமல் குடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் கைவந்த கலை. அதனால் அது நல்ல ஏற்பாடு என்று நினைத்தோம். ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு தடவைகூடக் கிளாசோடு போக வேண்டி வரவில்லை.

அப்புறம் மறியல் வந்தது. எங்கள் ஜனங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலையை மறிப்பதாக முடிவாயிற்று. கேட்டது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். படித்த பையன்கள் ஊரில் சும்மா திரிந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு ஓர் ஆள் சாலைக்கு வர வேண்டும் என்று கட்டுப்பாடு. முதல் நாள் காலையிலேயே நாட்டாமைக்காரர்கள் வந்து டிராக்டரைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்றால் கேட்கவில்லை, சொன்னார்கள். வெட்டிச் சாய்த்த புளியமரங்களைச் சங்கிலி போட்டு இழுத்துச் சாலைக்குக் குறுக்கே போட்டவன் நான்தான். பஸ் நின்றது, லாரி நின்றது. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை, கள்ளக்குறிச்சிக்குப் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் போயிற்று.

சாராயம் மட்டும் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் நிரப்பி, ஆள் தோளில் மாட்டி, காட்டு வழியாகவே இறக்கிவிட்டார்கள். அதற்கு எந்த மரமும் குறுக்கே கிடக்கவில்லை. வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு வேறு என்ன வேலை? டியூபின் வாயைத் திறந்தால் அந்த வாடை என்னைத் தேடிக்கொண்டு வரும். "வவுறு சரியில்ல" என்று கையைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஊருக்கும் காலனிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. வேறு பக்கம் எங்கோ காலனிக் குடிசை எரிகிறது என்று ஒரு செய்தி வரும். பதிலுக்குக் காலனி ஆட்கள் திரண்டு வருகிறார்கள் என்று இன்னொரு செய்தி வரும். எது உண்மை, எது புளுகு என்று கேட்க ஆள் இல்லை. காலனி முனையில் தடி வைத்துக்கொண்டு அவர்கள் காவல். சாலையில் நாங்கள் காவல். நடுவில் ஒரு கரும்புக் கொல்லைதான். என் ஜோடி அந்தப் பக்கம் இருந்தார், நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

நாலாவது நாளோ என்னவோ, உச்சி வெயிலில் என் தாய்மாமன் வந்து சேர்ந்தார். மலையடிவாரத்து ஊர் அவருடையது. பஸ் இல்லாததால் நடந்தே வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி. வந்ததும் வராததுமாக மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பையில் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். பழுப்பு நிறம்.

"இந்தா மாப்ள. உனக்கு வயித்துல புண்ணுன்னு உங்க அம்மா அழுவுது. மலைமேல சொல்லி வெச்சி, கடுக்காத் தோலு ஜாஸ்தியா போட்டு, தனியா எறக்குனது. ஒரு மண்டலம் குடி. புண்ணு இருந்த எடம் தெரியாது."

எங்கள் பக்கம் அப்படித்தான். சாராயத்தால் வந்த நோய்க்கும் சாராயத்திலேயே மருந்து இருக்கும். சுற்றியிருந்தவர்கள், "ஆமாண்டா, கடுக்காச் சாராயம் வவுத்துக்கு எதமா இருக்கும்" என்று ஒத்து ஊதினார்கள். இந்த மனுஷன் எனக்காக மலையேறி இறங்கியிருக்கிறார். நான் பிறந்தபோது தாய்மாமனாகத் தன்னால் எனக்குத் தங்கத்தில் அரைஞாண் போட முடியவில்லையே என்று இருபது வருஷம் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். டம்ளரைத் தட்டிவிட எனக்குக் கை வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"வெறும் வவுத்துல வேணாம் மாமா. வூட்டுக்குப் போயி ரெண்டு வாயி சோறு தின்னுட்டுக் குடிக்கறேன்."

"அதுவும் சரிதான். சிந்தாம எடுத்துகினு போ."

எழுந்து நடந்தேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரும்புக் கொல்லைக்குள் இறங்கினேன். உள்ளே போனதும் சாலைச் சத்தம் அடங்கிவிட்டது. என்னைவிட உயரமாய்க் கரும்பு. யாரும் இல்லை. கொட்டிவிடலாம், ஒரு நொடி வேலை. கொட்டவில்லை. ஏன் என்றால், எனக்கு அது வேண்டும். வேறு காரணம் கிடையாது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. மருந்துதானே என்று மனசு சொன்னது. மாமனின் பாசத்தைக் கொட்டுவாயா என்றது. எத்தனை சாமர்த்தியமான மனசு! மேல் பக்கம் ஒரு கையால் மூடிக்கொண்டு வரப்பின் மேலேயே நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் பெண்ணைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

கரும்பு முடிகிற இடத்தில் காலனி. நான் வெளியே வந்ததும் தடியோடு நாலு பேர் எழுந்தார்கள்.

"யார்ரா அது? எத்தினி பேரு வந்துகிறீங்க?"

"நான் மட்டும்தான். மேஸ்திரியப் பாக்கணும்."

"கைல இன்னா?"

பதில் சொல்வதற்குள் வாடை சொல்லிவிட்டது. "குடிச்சிட்டு வம்பு இழுக்க வந்துகிறான்" என்று ஒருவன் கத்தினான். வாசலில் இருந்த பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடியின் நுனி என் நெஞ்சைத் தொட்டது. அப்போதும் டம்ளரைத்தான் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"நீ கிட்ட வராத. அங்கியே கீழ வை."

தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் நடுவில் என்னை "நீ" என்றார். தடி பிடித்திருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள். தடி இறங்கிவிட்டது. டம்ளரை மண்ணில் வைத்தேன். அவர் இந்தப் பக்கமும் நான் அந்தப் பக்கமுமாகக் குந்தினோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் போன்ற இன்னொருவரின் வாசலுக்குச் சாராயத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். நாங்கள் பேசி வைத்தபோது இதை யோசிக்கவே இல்லை. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"எங்க ஆளுங்களும் காவலுக்குன்னு வாங்கி வெச்சிகிறாங்க" என்றார். "மூணு நாளா அது பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருக்கறேன். நீ வருவேன்னு பாத்துகினு இருந்தேன். இத்தோட வருவேன்னு நெனைக்கல."

"கொட்டிடு" என்றேன்.

"நீ கொட்டு."

"என்னால ஆவாது. கைல எடுத்தா வாய்க்குப் போயிடும்."

"எனக்கு மட்டும்?"

தடிக்காரப் பையன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் இன்னா பைத்தியமா?" என்று டம்ளரை உதைக்கக் காலை ஓங்கினான். மேஸ்திரி அவன் காலைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒதைச்சிடுவடா. நாளைக்கி வர்ற டம்ளர யாரு வந்து ஒதைப்பா? தள்ளு."

பிறகு பேசினார். ஞாயிற்றுக்கிழமை பேசுவது போலவே, தனக்கு நடந்ததை மட்டும். மூன்று நாளாக எந்த நேரத்தில் கை அந்தப் பக்கம் போனது, எப்படித் திரும்பியது என்று சொன்னார். நானும் சொன்னேன், கரும்புக்குள் மனசு பேசிய பேச்சு உட்பட. அதைக் கேட்டுச் சிரித்தார். "உம் மனசும் எம் மனசும் ஒரே எடத்துலதான் படிச்சிருக்கு."

கடைசியில், "நீ ஒரு பக்கம் புடி, நான் ஒரு பக்கம் புடிக்கறேன்" என்றார். அப்படியே பிடித்தோம். ஒருவர் கையை இன்னொருவர் நம்பவில்லை. அதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. கவிழ்த்தோம். மண் குடித்தது. வாடை அடங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

"இப்ப போ. பொழுது சாயறதுக்குள்ள போ" என்று கரும்பு வரைக்கும் கூடவே வந்தார்.

சாலைக்கு வந்தேன். காலி டம்ளரைப் பார்த்ததும் மாமனுக்கு முகம் மலர்ந்தது.

"எரிச்சல் கம்மியாச்சா மாப்ள? நான் சொன்னேன்ல?" என்று டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் ஊற்ற ஆரம்பித்தார்.

இன்னொரு டம்ளரை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தது. அந்தப் பையன் காலை ஓங்கியபோது மேஸ்திரி சொன்னது காதில் இருந்தது.

"மாமா, ஊத்தாத. அத்த நான் குடிக்கல, கொட்டிட்டேன். எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. நான் குடிகாரன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "குடிகாரனாம்! அப்ப நாங்க இன்னா, சாமியாருங்களா?" என்றார் ஒருவர்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் புத்தி சொல்ல வாயெடுத்தேன். ரிம்மில் ஸ்பானர் தட்டும் சத்தம் நினைவுக்கு வந்தது. எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். காலையில் எழுந்தால் என் கை எப்படி ஆடும், டிராக்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் போடச் சொல்வேன், அவள் சட்டைப் பொத்தானையும் போட்டுவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்ப்பாள், முதல் டம்ளர் உள்ளே போன பிறகுதான் அந்தக் கை என்னுடைய கையாகும் என்று சொன்னேன். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அந்தக் கை அங்கிருந்த பல பேருக்குத் தெரிந்த கை.

மாமன் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது.

"மலையேறிப் போயி வாங்கியாந்தேன்டா" என்றார். எங்கே கொட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. வீணாகக் கூடாது என்று அந்த டம்ளரைத் தானே குடித்தார்.

மரங்களை அப்புறப்படுத்திய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மேஸ்திரியும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அவரவர் சைக்கிளில், முன்னே பின்னேதான் போனோம். ஊர் எல்லை தாண்டிய பிறகு சேர்ந்துகொண்டோம். அதை மாற்ற எங்களுக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று.

மாமன் அந்த அறைக்கு ஒரு நாளும் வரவில்லை. கூப்பிட்டால், "உனக்கு நடந்தது எனக்குத் தெரியும், போ" என்பார். கடைசிவரை குடித்தார், அதிலேயே போனார். ஆனால் அந்த மறியலுக்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவுக்குப் போனாலும், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும், பாட்டில் திறந்தவுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். யாராவது ஊற்ற வந்தால் என் டம்ளரைத் தன் கையால் மூடிக்கொள்வார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டார்.